முக்கால் டேங்க் இல்லாவிட்டால் யு-டர்ன்! சிங்கப்பூர்-ஜொகூர் பாலத்தில் பெட்ரோல் படுத்தும் பாடு

ஹெல்மெட் எங்கே, லைசென்ஸ் இருக்கா, இன்சூரன்ஸ் கட்டியாச்சா... நம்ம ஊரில் வண்டியை ஓரம் கட்டினால் வரும் கேள்விகள் இவைதான். "டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கு?" என்று எந்த போலீசும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அதையும் கேட்கிற ஊர் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்!

சிங்கப்பூர் நம்பர் பிளேட் மாட்டிய கார் பக்கத்து நாடான மலேசியாவுக்குள் போக வேண்டும் என்றால், டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தே ஆக வேண்டும். எல்லைச் சாவடியில் முள்ளை எட்டிப் பார்ப்பார்கள். கீழே இறங்கிக் கிடந்தால் "வண்டியைத் திருப்பு" என்று வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் உண்டு. நம்ம பணத்தில் ரூ.30 ஆயிரத்துக்கும் மேல். மீட்டரில் தில்லுமுல்லு செய்து முள்ளை மேலே நிற்க வைக்கலாம் என்று நினைத்தால் அதற்குத் தனியாக வழக்கு பாயும்.

இது நேற்று வந்த சட்டம் இல்லை. 1989-ல் அரை டேங்க் இருந்தால் போதும் என்று ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டதால் 1991-ல் முக்கால் டேங்க் ஆக்கிவிட்டார்கள். இன்றுவரை மாறவில்லை.

ஒரு கிலோ மீட்டரில் விலை தலைகீழ்

எதற்காக இந்தக் கெடுபிடி? எல்லாம் விலைதான்.

இந்தப் பக்கம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ். அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாரு. நடுவில் கடலை மறித்து 1924-ல் திறக்கப்பட்ட பாலம். நீளம் ஒரு கிலோ மீட்டரை ஒட்டித்தான் வரும். கூட்டம் தாங்காமல் 1998-ல் துவாஸ் பகுதியில் இரண்டாவது பாலமும் கட்டினார்கள். இரண்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள்.

2022-ல் உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை எகிறியபோது, சிங்கப்பூர் பங்க்குகளில் 95 ரக பெட்ரோல் லிட்டர் 3 டாலரைத் தாண்டியது. அதே நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் 2 ரிங்கிட் 5 சென். சிங்கப்பூர் காசில் கணக்குப் போட்டால் சுமார் 65 சென்ட்! நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதுவும் நடந்தே போய்விடுகிற தூரத்தில்.

விட்டால் என்ன ஆகும்? காலி டேங்க்கோடு பாலம் ஏறி, கழுத்து வரை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சிங்கப்பூர் அரசுக்கு வர வேண்டிய வரி அப்படியே போய்விடும். அதைத் தடுக்கத்தான் முக்கால் டேங்க் கணக்கு. 50 லிட்டர் பிடிக்கும் கார் என்றால் 37 லிட்டருக்கு மேல் உள்ளூரிலேயே போட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் போய் நிரப்பக்கூடியது மிஞ்சிப்போனால் 12 லிட்டர், அதோடு போகிற வழியில் எரிந்தது. அவ்வளவுதான்.

மஞ்சள் குழாயைத் தொடாதே!

சரி, அந்த 12 லிட்டரையாவது சல்லிசாகப் போடலாமா என்றால் அங்கேயும் ஒரு தடை. மலேசியாவில் இரண்டு வகை பெட்ரோல். ஆர்.ஓ.என். 95 என்பது அரசு மானியம் கொடுத்து விலையைப் பிடித்து வைத்திருக்கும் பெட்ரோல். பங்க்கில் மஞ்சள் நிறக் குழாய். ஆர்.ஓ.என். 97 என்பது சந்தை விலைக்கு விற்பது. அது பச்சைக் குழாய். வெளிநாட்டு நம்பர் பிளேட் வண்டிக்கு மஞ்சள் குழாயைத் தொடக்கூடாது என்று 2010-லேயே மலேசியா தடை போட்டுவிட்டது.

பச்சைக் குழாயில் போட்டாலும் சிங்கப்பூர்க்காரருக்கு லாபம்தான். 2025-ல் 97 ரகம் 3 ரிங்கிட் 20 சென் அளவில் இருந்தது. சிங்கப்பூர் காசில் ஒரு டாலர். சிங்கப்பூர் பங்க் போர்டிலோ 95 ரகமே 2 டாலர் 80 சென்ட்டை ஒட்டி. 12 லிட்டருக்கு 20 டாலர் மிச்சம். அந்த 20 டாலருக்காக லீவு நாளில் பாலத்தில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு பெட்ரோலை எரிப்பது தனிக்கதை!

ஆனாலும் மஞ்சள் குழாய் மேல் உள்ள ஆசை விடவில்லை. நம்பர் பிளேட்டில் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு போட்டவர்கள் உண்டு. டேங்கில் இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று காரைப் பிடித்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டி நிரப்பிய வீடியோக்களும் வந்து இரண்டு நாட்டு ஜனங்களும் சிரித்தார்கள். நம்ம ஊரில் ரிசர்வும் தீர்ந்து வண்டி நின்றுபோனால் பைக்கைச் சாய்த்துப் படுக்கப்போட்டு அடியில் கிடக்கும் கடைசிச் சொட்டை எடுப்போமே... அது இல்லாதவன் பாடு. இது கார் வைத்திருப்பவன் பாடு.

மலேசியர்கள் இதைப் பார்த்துக் கொதித்தார்கள். எங்கள் வரிப்பணத்தில் கொடுக்கும் மானியத்தை சொகுசு காரில் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்களே என்ற ஆத்திரம். அதிலும் நீண்ட காலம் பங்க் நடத்துகிறவர் மேல்தான் நடவடிக்கை. போட்டுக்கொண்டு போனவர் தப்பித்துவிட்டார்.

கிணறு இருக்கிறவன், இல்லாதவன்

மலேசியாவில் எண்ணெய்க் கிணறு இருக்கிறது, அதனால் விலை குறைவு. சிங்கப்பூரில் இல்லை, அதனால் அதிகம் என்று நினைத்தால் அது பாதிதான் சரி. சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் இருப்பவை உலகத்தின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் சேர்ந்தவை. பெட்ரோல் காய்ச்சப்படுவதே அங்கேதான். பக்கத்திலேயே ஆலை இருந்தும் பங்க்கில் விலை ஆகாயத்தில். காரணம் வரி. 2021 பிப்ரவரியில் 95 ரகத்துக்கான வரியை லிட்டருக்கு 56 சென்ட்டில் இருந்து 66 சென்ட்டாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் பொருள்-சேவை வரி 9 சதவீதம்.

நார்வேயைப் பாருங்கள். ஐரோப்பாவில் எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு. ஆனால் பெட்ரோல் விலை ஐரோப்பாவிலேயே அதிகமாக இருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. எண்ணெயை வெளியே விற்றுப் பணத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, உள்ளூர் பெட்ரோலுக்கும் பெட்ரோல் காருக்கும் வரியை ஏற்றி, மின்சாரக் காருக்கு வரியைக் குறைத்தார்கள். விளைவு, 2025-ல் அங்கே விற்ற புதுக்கார்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் மின்சாரக் கார்!

இதற்கு நேர் எதிர் வெனிசுவேலா. அங்கே பல வருஷங்கள் பெட்ரோல் கிட்டத்தட்ட இனாம். 1989 பிப்ரவரியில் விலையை ஏற்றப்போய், பஸ் கட்டணமும் ஏறி, தலைநகர் கராகஸ் பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதன் பிறகு வந்த அரசுகளுக்கு விலையில் கை வைக்கவே பயம். இனாம் பெட்ரோலை கேன் கேனாக எல்லை தாண்டி கொலம்பியாவில் விற்பதே ஒரு தொழிலானது. கடைசியில் ஆலைகள் பழுதாகி, 2020-ல் உலகத்திலேயே பெரிய எண்ணெய் இருப்பு உள்ள அந்த நாட்டுக்கு ஈரானில் இருந்து கப்பலில் பெட்ரோல் வந்து இறங்கியது.

சிங்கப்பூரில் கார் என்பது...

மீண்டும் பாலத்துக்கே வருவோம். சிங்கப்பூரில் பெட்ரோல் விலை என்பது கார் செலவில் கடைசி வரிசை. அதற்கு முன்னால் காரை வைத்திருக்கவே ஒரு சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். சி.ஓ.இ. என்பார்கள். 1990-ல் வந்தது. 10 வருஷம்தான் செல்லும். 2023-ல் சிறிய கார் பிரிவிலேயே ஏலத்தொகை 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. நம்ம பணத்தில் ரூ.60 லட்சத்துக்கும் மேல். கவனிக்க... இது காரின் விலை அல்ல. கார் வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதிச்சீட்டின் விலை!

அதற்கும் மேலே, நெரிசல் ரோட்டில் நுழைந்தால் தானாகவே பணம் கழியும் மின்னணுக் கட்டணம் 1998 முதல் இருக்கிறது. ஆகவே அங்கே பெரும்பாலான ஜனங்கள் ரயில், பஸ்தான். கார் வைத்திருப்பவரும் பங்க்குக்குப் போகும்போது எந்த வங்கி அட்டையை நீட்டினால் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று மனப்பாடமாக வைத்திருப்பார். 2024-ல் புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார்.

தஞ்சாவூரில் இருந்தும் புதுக்கோட்டையில் இருந்தும் கட்டட வேலைக்குப் போன நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அவர்களில் பலர் வேலைக்குப் போய் வருவது லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து. உலகத்திலேயே காருக்கு அதிக விலை கொடுக்கும் ஊரில், அதைக் கட்டுகிற ஆட்கள் லாரியில் போகிறார்கள் என்பது அங்கேயே பல வருஷமாக விவாதிக்கப்படும் விஷயம்.

விடியற்காலை பைக் படை

அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் காட்சியே வேறு. விடியற்காலை 4 மணி, 5 மணிக்கே பாலத்தில் பைக் வெள்ளம். மலேசியர்கள், அவர்களில் தமிழ் இளைஞர்களும் ஏராளம், சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறார்கள். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சம்பளம் அந்தப் பக்கம், பெட்ரோலும் வீட்டு வாடகையும் இந்தப் பக்கம். மழையில் நனைந்து, தூக்கத்தைத் தொலைத்து ஓடும் ஓட்டத்துக்கு மலிவு பெட்ரோலும் ஒரு அஸ்திவாரம்.

மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதால் ஊரே அதை நம்பி வளர்ந்துவிட்டது. 1985-ல் புரோட்டோன் சாகா, 1994-ல் பெரோடுவா கஞ்சில் என்று சொந்த நாட்டுக் கார்கள் வந்து, நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் சாதாரணமாகிவிட்டது. கடை, பள்ளிக்கூடம், வேலை எல்லாமே வண்டி இருந்தால்தான் என்ற நிலைமை. அப்புறம் விலையை ஏற்ற முடியுமா? ஏற்றினால் ஓட்டு போய்விடுமே!

ஆனால் மானியம் எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? 2022-ல் பெட்ரோல், டீசல், சமையல் கியாசுக்கு மட்டும் மலேசிய அரசு சுமார் 5 ஆயிரம் கோடி ரிங்கிட் கொட்டியது. இதில் பெரிய வேடிக்கை, இரண்டு பெரிய கார் வைத்திருப்பவருக்குத்தான் அதிக மானியம். பைக்கில் வாரத்துக்கு 5 லிட்டர் போடுகிறவருக்குக் கிடைத்தது சில்லறை.

எனவே 2024 ஜூன் 10-ந் தேதி முதலில் டீசலில் கை வைத்தார்கள். தீபகற்ப மலேசியாவில் 2 ரிங்கிட் 15 சென் ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 சென் ஆனது. அடுத்தது பெட்ரோல். 2025 செப்டம்பர் 30-ந் தேதி எல்லா மலேசியக் குடிமக்களுக்கும் புதுத்திட்டம் தொடங்கியது. அடையாள அட்டையைச் செருகினால் 95 ரகம் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். அப்போது மாதம் 300 லிட்டர் வரை. அட்டை இல்லாதவருக்கு அன்றைய விலை 2 ரிங்கிட் 60 சென்.

ஆக, சண்டை நம்பர் பிளேட்டில் இருந்து அடையாள அட்டைக்கு மாறியது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டை வைத்திருக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊரில் இருந்து சாப்பாட்டுக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர் சொகுசு காரைத் தடுக்கப் போட்ட வேலியில் இவர்களும் வெளியே நின்றார்கள்.

அட்டைக்கும் முன்னால் கியூ.ஆர். கோடு

பெட்ரோலை ஆள் பார்த்து அளந்து கொடுப்பதை இலங்கைத் தமிழர்கள் 2022-லேயே பார்த்துவிட்டார்கள். அங்கே விலையைக் குறைக்க அல்ல, பெட்ரோலே இல்லாததால். டாலர் தீர்ந்து கப்பல் வராமல், ஜூன் கடைசியில் 92 ரகம் லிட்டர் 470 இலங்கை ரூபாய் ஆனது. ஆறு மாதத்துக்கு முன்பு அது 177 ரூபாய். நாள் கணக்கில் வரிசை. வரிசையில் நின்றபடியே சிலர் செத்தும் போனார்கள். பிறகு செல்போனில் கியூ.ஆர். கோடு காட்டினால்தான் பெட்ரோல் என்று வந்தது. ஆரம்பத்தில் வாரத்துக்கு பைக்குக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். அஞ்சு லிட்டரை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டோக்காரர் எத்தனை சவாரி போவார்? சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியது. 2023 செப்டம்பரில்தான் அந்த அளவு முறையை நிறுத்தினார்கள்.

ஒரு லிட்டருக்கு எத்தனை நிமிஷ வேலை?

அந்த நாட்டில் இவ்வளவு ரூபாய், இந்த நாட்டில் இவ்வளவு ரூபாய் என்று மாற்றிப் பார்ப்பதை விட, ஒரு லிட்டர் போட எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

அமெரிக்காவில் பெட்ரோல் லிட்டர் கணக்கு இல்லை, கேலன். ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர். 2024-ல் சராசரியாக 3 டாலர் 30 சென்ட். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-ல் இருந்து மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அந்தக் குறைந்த கூலிக்காரர்கூட 7, 8 நிமிஷம் வேலை பார்த்தால் ஒரு லிட்டர். மத்திய அரசின் பெட்ரோல் வரியும் 1993-ல் இருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டை விட்டு நகரவில்லை. லாரி மாதிரி பிக்கப் வண்டியில் ஒற்றை ஆள் ஆபீஸ் போகிறார் என்றால் ஏன் என்று இப்போது புரியும்.

மலேசியாவில் 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள், எட்டு மணி நேரம் என்று வைத்தால் அட்டைக்காரருக்கு ஒரு லிட்டர் 15 நிமிஷ வேலை. அட்டை இல்லாதவருக்கு 19 நிமிஷம்.

நம்ம ஊரில் நாள் கூலி ரூ.800 வாங்குகிறவருக்கு, லிட்டர் ரூ.100 என்றால் முழுசாக ஒரு மணி நேரம்! 2020 ஏப்ரலில் கொரோனாவால் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. அப்போதும் இங்கே பங்க் விலை இறங்கவில்லை. மே மாதம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரூ.10 கலால் வரி ஏற்றி, இறங்க வேண்டியதை அரசே எடுத்துக்கொண்டது.

பாலமும் கடலும் இல்லாவிட்டாலும் ஜொகூர் கதை நமக்குப் புதுசு இல்லை. கடலூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2021 நவம்பரில் புதுச்சேரி அரசு வாட் வரியைக் குறைத்த பிறகு எல்லை தாண்டி பெட்ரோல் போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2022 மே மாதத்தில் இருந்து 2024 மார்ச் வரை சென்னையில் லிட்டர் ரூ.102.63, புதுச்சேரியில் ரூ.96-ஐ ஒட்டி. 2025 ஜனவரியில் புதுச்சேரி வரியைக் கொஞ்சம் ஏற்றியதால் இடைவெளி குறைந்தது.

லிட்டருக்கு ரூ.6.50 வித்தியாசம் இருந்த அந்த நாட்களில் பைக்கில் 8 லிட்டர் போட்டால் ரூ.52 மிச்சம். எல்லையில் இருந்து 8 கிலோ மீட்டரில் வீடு என்றால் போய் வர 16 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் கொடுக்கும் வண்டிக்கு அதற்கே ரூ.31 காலி. கையில் நிற்பது ரூ.21. அதே ஆள் 15 கிலோ மீட்டர் தள்ளி இருந்தால் போகவர ரூ.58 எரியும். ரூ.6 நஷ்டம்!